எச்-1பி, எச்-4 தம்பதி: அமெரிக்க வருமான வரி ரிட்டர்ன் சேர்த்துத் தாக்கலா, தனியாகவா?

ஒருவர் எச்-1பி வேலை விசாவில் அமெரிக்காவில் ஆண்டு முழுக்க வேலையில் இருக்கிறார். துணை, எச்-4 என்ற குடும்ப விசாவில், அக்டோபரில்தான் வந்து சேர்ந்தார். அமெரிக்காவில் தங்கிய நாட்களைப் பார்க்கும் 183 நாள் கணக்கு துணைக்கு எட்டாது, அதனால் வரிக்கு அவர் நான்ரெசிடென்ட் (அங்கு வசிக்காதவர்). ஆனாலும் இருவரும் கையெழுத்திட்ட கடிதத்தை இணைத்தால், அவரையும் ஆண்டு முழுக்க ரெசிடென்டாகக் கருதிச் சேர்த்துத் தாக்கல் செய்யலாம்.

நிலையான கழிவு, அதாவது வரி போடும் முன் வருமானத்தில் கழிக்கும் தொகை (2024): சேர்த்தால் 29,200 டாலர், தனியாக 14,600.

இந்திய வருமானம்: சேர்த்தால் துணையின் ஊர்ச் சம்பளம், எஃப்டி வட்டி, வீட்டு வாடகை எல்லாமே உள்ளே வரும். தனியாக என்றால் அவை வெளியே நிற்கும்.

காகித வேலை: தனியாக என்றால் குறைவு. சேர்த்தால் துணைக்கு ஒரு வரி அடையாள எண் கட்டாயம். சோஷியல் செக்யூரிட்டி எண் கிடைக்காத எச்-4 துணை, டபிள்யூ-7 படிவத்தை ரிட்டர்னோடு வைத்து ஐடின் (சோஷியல் செக்யூரிட்டி எண் பெற முடியாதவர்களுக்கான வரி எண்) கேட்க வேண்டும். இங்கேதான் பலர் சிக்குகிறார்கள்: பாஸ்போர்ட்டின் நோட்டரி நகல் செல்லாது. அசலை அனுப்பணும், இல்லையென்றால் பாஸ்போர்ட் வழங்கிய அலுவலகமே சான்றளித்த நகல் வேண்டும். அசலைத் தபாலில் அனுப்பப் பயமா? ஐஆர்எஸ் (அமெரிக்க வரித்துறை) அங்கீகரித்த சான்றளிப்பு முகவரிடம் நேரில் காட்டலாம்.

துணைக்கு அந்த ஆண்டு வருமானமே இல்லையா? தயங்காமல் சேர்த்துவிடுங்கள். செப்டம்பர் வரை ஊரில் நல்ல சம்பளம் வாங்கினாரா? இந்தியாவில் கட்டிய வரிக்கு ஈடாக 1116 படிவத்தில் அமெரிக்க வரியில் கிடைக்கும் குறைப்பையும் சேர்த்து, இரண்டு விதமாகவும் போட்டுப் பார்த்து முடிவெடுங்கள். துணையை ரெசிடென்டாகக் கருதும் இந்தத் தேர்வை எடுத்தபின் ஒருமுறை கைவிட்டால், இதே துணையோடு மறுபடி எடுக்க முடியாது.