நடுச்சுவர் அகற்றிய பின் முப்பரிமாண ஸ்கேன்: தில்லைநகர் மையம் ஒன்றில் என் அனுபவம்

கருவில் இரண்டு குழாய்கள் ஒன்றுசேர்ந்து கர்ப்பப்பை உருவாகும்போது, நடுவில் எஞ்சும் சுவர் தானாகக் கரைந்துவிட வேண்டும். எனக்கு அது கரையாமல் நின்றுவிட்டது. இரண்டு முறை கரு கலைந்த பிறகே அது தெரியவந்தது. ஹிஸ்டரோஸ்கோப்பி (கர்ப்பப்பை வாய் வழியே மெல்லிய கேமராக் குழாயைச் செலுத்திச் செய்யும் முறை) மூலம் அந்தச் சுவரை அகற்றி இரண்டு மாதங்கள் கழிந்ததும், மிச்சம் ஏதும் இருக்கிறதா என்று பார்க்க என் மருத்துவர் முப்பரிமாண உள் ஸ்கேன் எழுதிக் கொடுத்தார். அதற்காகத் திருச்சி தில்லைநகரில் உள்ள ஒரு ஸ்கேன் மையத்துக்குச் சென்றேன்.

முன்பதிவுக்கு அழைத்தபோதே கடைசி மாதவிலக்குத் தேதியைக் கேட்டு, 20-ஆம் நாளையொட்டி வரச் சொன்னார்கள். சுழற்சியின் பிற்பாதியில் கர்ப்பப்பையின் உட்படலம் தடித்து வெளிறித் தெரிவதால், உள்ளறையின் ஓரங்கள் தெளிவாகப் பிடிபடும் என்பதே காரணம். அறுவைக்கு முன் நான் சென்ற வேறொரு மையத்தில் இதை யாரும் கேட்கவில்லை. சாதாரண ஸ்கேனை மட்டும் வைத்து ‘இரட்டைக் கொம்புக் கர்ப்பப்பை’ என்று எழுதிவிட்டார்கள். இரட்டைக் கொம்பில் கர்ப்பப்பையின் வெளிப்புற மேல்விளிம்பே நடுவில் பள்ளமாக இறங்கியிருக்கும். அதை உள்ளிருந்து வெட்ட முடியாது. அந்த அறிக்கையை நம்பியிருந்தால் எனக்கு இந்தச் சிகிச்சையே நடந்திருக்காது. சாயம் செலுத்தி எடுக்கும் எக்ஸ்ரேயிலும் வெளிவடிவம் தெரியாது. முப்பரிமாண ஸ்கேனோ வெளிவிளிம்பையும் உள்ளறையையும் ஒரே படத்தில் காட்டிவிடுகிறது.

சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்லி, ஒவ்வொன்றையும் முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் அந்தப் பெண் மருத்துவர் ஸ்கேனைத் தொடங்கினார். படம் பதிவாகும் சில விநாடிகள் அசையாமல் இருந்தால் போதும். பிறகு திரையை என் பக்கம் திருப்பி, இரண்டு கருக்குழாய்களின் வாய்களுக்கு இடையே ஒரு கோடு இழுத்து, அதிலிருந்து மிச்சச் சுவர் 4 மில்லிமீட்டர்தான் இறங்கியிருக்கிறது என்று அளந்து காட்டினார். 1 சென்டிமீட்டருக்குக் குறைவான மிச்சத்துக்கு வழக்கமாக மறு அறுவை செய்வதில்லை என்று அவர் சொன்னபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. கர்ப்பப்பையின் உட்சுவர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் மெல்லிய ஒட்டுதல்களை ஸ்கேன் தவறவிடக்கூடும், சந்தேகம் இருந்தால் ஹிஸ்டரோஸ்கோப்பியில்தான் உறுதி செய்ய முடியும் என்பதையும் அவர் மறைக்கவில்லை. அந்த நேர்மைக்காகவே இந்த மையத்தைப் பரிந்துரைக்கிறேன்.

குறைகளும் உண்டு. நேரம் குறித்துக் கொடுத்திருந்தும் ஒன்றரை மணி நேரம் காத்திருந்தேன். கருவை இழந்தவர்களும் நிறைமாதக் கர்ப்பிணிகளும் ஒரே கூடத்தில் அருகருகே உட்கார வேண்டியிருப்பது எவ்வளவு வலிக்கும் என்பதை நிர்வாகம் யோசித்துப் பார்க்க வேண்டும். தனியாக நான்கு நாற்காலிகள் போட்டாலே போதும். அறிக்கையிலும் முதலில் ‘சிறிதளவு மிச்சம்’ என்று மட்டுமே இருந்தது. நான் கேட்ட பிறகுதான் அளவைச் சேர்த்தார்கள்.

கட்டணம் 1,800 ரூபாய். செல்பவர்கள் அறுவைக்கு முன் எடுத்த ஸ்கேன் படங்களையும் அறுவைக் குறிப்பையும் கட்டாயம் கொண்டுசெல்லுங்கள். நான் கொண்டுசென்றதால்தான் பழைய படத்தையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுக் காட்டினார்கள்.