ஊர் வீட்டுக்கு இரட்டைக் குழிக் கழிப்பறை: ஒரு மதிப்பீடு

சிங்கப்பூரில் வேலை செய்யும் நம்மில் பலர், ஊர் வீட்டுக்குக் கழிப்பறை கட்டப் பணம் அனுப்பும்போது ஓட்டின் நிறத்தையும் கதவையும் வாட்ஸ்அப் படங்களில் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறோம். மண்ணுக்கடியில் என்ன கட்டப்படுகிறது என்று கேட்பதில்லை. பட்டுக்கோட்டைக்கு அருகே என் அத்தை வீட்டில் கட்டிய இரட்டைக் குழிக் கழிப்பறை, ஒரு குழி நிறைந்து மறு குழிக்கு மாறும் கட்டத்தையும் கடந்துவிட்டதால், அதைப் பற்றி உறுதியாக எழுத முடிகிறது. என் கணிப்பில், நாம் அனுப்பும் பணத்துக்கு இதைவிடப் பொருத்தமான அமைப்பு கிராமத்துக் குடும்பத்துக்குக் கிடைப்பது அரிது.

கழிப்பறைக் கோப்பையிலிருந்து செல்லும் குழாய் ஒரு சிறிய சேம்பரில் (மூடியுள்ள தொட்டியில்) இரண்டாகப் பிரிகிறது. ஒரு வழியைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டு, மற்ற வழியில் முதல் குழியைப் பயன்படுத்த வேண்டும். குழியின் சுவரில் செங்கற்களுக்கிடையே இடைவெளி விடப்படுகிறது. அடியில் சிமெண்ட் பூசுவதில்லை. நீரும் வாயுவும் சுற்றியுள்ள மண்ணுக்குள் இறங்கிவிடுவதால் தனியாகக் காற்றுக்குழாய்கூடத் தேவைப்படவில்லை. ஒரு மீட்டர் விட்டமும் அதைவிடச் சற்றே கூடுதலான ஆழமும் கொண்ட குழி, ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு ஏறத்தாழ 3 ஆண்டுகள் போதும். நிறைந்த குழியை மூடி 2 ஆண்டுகள் விட்டுவிட்டால், உள்ளிருப்பது மக்கி, நாற்றமற்ற மண்போல ஆகிவிடுகிறது. அதைத் தென்னைக்கு உரமாக இடலாம்.

இந்த அமைப்பின் மிகப் பெரிய சிறப்பாக நான் கருதுவது, மலம் அள்ள யாரும் இறங்க நேராததைத்தான். செப்டிக் டேங்க் நிறைந்தால் லாரியை அழைக்க வேண்டும். லாரி வராத ஊர்களில் மனிதரை இறக்குகிறார்கள். இந்தியாவில் 2013ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தடை செய்த பிறகும் நச்சுவாயுவால் தொழிலாளர்கள் இறக்கும் செய்திகள் நிற்கவில்லை. நம் வீட்டுக் கழிப்பறைக்காக இன்னொருவர் உயிரைப் பணயம் வைக்கும் நிலை வராமல் தடுக்கும் கட்டுமானத்தை, பணம் கொடுக்கும் நாம் கேட்டு வாங்கத்தான் வேண்டும். சுலப் என்ற துப்புரவு இயக்கத்தை 1970இல் தொடங்கிய பிந்தேஸ்வர் பாடக், இந்த இரட்டைக் குழி முறையை நாடெங்கும் பரப்பியதும் மனிதர் கையால் மலம் அள்ளும் வழக்கத்தை ஒழிக்கத்தான். வாளிக் கழிப்பறைகளை 1987இல்தான் முற்றிலும் கைவிட்ட சிங்கப்பூரிலும், மலம் சுமந்த தொழிலாளர்களை நினைவில் வைத்திருக்கும் முதியவர்கள் உண்டு.

கோப்பையையும் கவனித்து வாங்க வேண்டும். கிராமப்புறத்துக்கென்று வரும் கோப்பை செங்குத்தான சரிவு உடையது. அதன் வளைகுழாயில் 20 மில்லிமீட்டர் நீரே தங்குவதால் ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் தண்ணீர் ஊற்றினால் போதும். நகரத்துக் கோப்பையைப் பொருத்தினால் வாளி வாளியாக ஊற்ற நேர்ந்து, குழி ஊறிக்கொண்டே இருக்கும்.

குறை வேலையாட்களிடம்தான் அதிகம். அத்தை வீட்டில் கொத்தனார் குழிச் சுவரின் உட்புறம் முழுவதும் சிமெண்ட் பூசத் தொடங்கியதை அத்தை அனுப்பிய படத்தில் பார்த்து நிறுத்தச் சொன்னோம். பூசிய பகுதியைக் கொத்தி எடுக்க வேண்டியதாயிற்று. சேம்பரை மண்ணால் மூடிவிடும் பழக்கமும் உண்டு. அப்படிச் செய்தால் குழி மாற்றும் நாளில் அது எங்கே இருக்கிறது என்று தேட நேரும். குளியல் நீரையும் ஃபினாயிலையும் உள்ளே விடக்கூடாது என்பதை வீட்டார் அனைவருக்கும் சொல்லிவைக்க வேண்டும்.

செலவைப் பொறுத்தவரை, தூய்மை இந்தியா திட்டத்தில் அரசு தந்த 12,000 ரூபாய் குழிகளுக்கும் கோப்பைக்கும் குழாய்க்கும் சரியாக இருந்தது. சுவருக்கும் கூரைக்கும் கதவுக்கும் நாங்கள் கூடுதலாக அனுப்பினோம்.

எல்லா மனைக்கும் இது பொருந்தாது. குடிநீர்க் கிணறு 10 மீட்டருக்குள் இருந்தாலோ, மழைக்காலத்தில் நிலத்தடி நீர் குழியின் அடிவரை ஏறினாலோ இதைக் கட்டக்கூடாது. காவிரிக் கரையோரத்தில் அத்தகைய இடங்கள் பல. அங்கே சிறுநீரையும் மலத்தையும் தனித்தனியே பிரித்து, தரைக்கு மேல் கட்டிய அறையில் சாம்பல் தூவி உலரவிடும் ஈகோசான் கழிப்பறையே ஏற்றது. திருச்சி மாவட்டத்து முசிறிப் பகுதியில் அதைப் பயன்படுத்தி வரும் குடும்பங்கள் இருப்பதால், பணம் அனுப்புவதற்கு முன் வீட்டார் ஒருமுறை அங்கே சென்று பார்த்து வரலாம்.