பாட்டில் ஓப்பனர் வைத்த மடக்குக் கத்தி: சாரணர் கத்தியா, பட்டாளத்துக் கத்தியா, சுவிஸ் கத்தியா?

கொடைக்கானலில் மடக்குக் கத்தி சேர்க்கிறவர்கள் கொஞ்சம் பேர்தான். அந்தக் கொஞ்சம் பேருக்குள்ளும் ஒரு விஷயத்தில் இன்றுவரை ஒத்துப்போனதில்லை: பாட்டில் ஓப்பனர் வைத்த பழைய பாணிக் கத்திகளில் எது ஒசத்தி? எலும்புப் பிடி போட்ட அமெரிக்க சாரணர் கத்தி என்பார் ஒருவர். முழுக்க எஃகில் செய்த அமெரிக்கப் பட்டாளத்துக் கத்தி என்பார் இன்னொருவர். சுவிஸ் கத்தியை விட்டால் வேறு பேச்சே இல்லை என்பவர்கள் தனிக் கட்சி. மூன்றும் என் மேசை அறையில் இருக்கின்றன, மூன்றையும் மாற்றி மாற்றிப் பையில் போட்டுக்கொண்டு போகிறேன். அதனால் இந்த அலசல்.

முதலில் என் அளவுகோலைச் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலானவர்கள் பிளேடைத்தான் முதலில் விரித்துப் பார்ப்பார்கள். நான் ஓப்பனரை விரிப்பேன். பிளேடைச் சாணை பிடித்து எப்போது வேண்டுமானாலும் சரிசெய்துகொள்ளலாம். ஓப்பனரின் வடிவம் தப்பாக இருந்தால் அது கடைசிவரை தப்புதான்.

விளிம்பு மடிப்பு மடிப்பாக இருக்கும் தகர மூடிக்கு அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்து வில்லியம் பெயின்டர் 1892-இல் காப்புரிமை வாங்கினார். ஆரம்பத்தில் அதில் 24 பற்கள், இப்போது 21. கோலி சோடாவுக்கு இந்தத் தொல்லை கிடையாது, கோலியை உள்ளே அமுக்கினால் போதும். காளிமார்க் பொவண்டோ கண்ணாடி பாட்டிலில் வந்தால் ஓப்பனர் வேண்டும். ஓப்பனரின் முனை மூடியின் தலையில் ஊன்ற, கொக்கி விளிம்புக்குக் கீழே நுழைய, கைப்பிடியை மேலே தூக்குகிறோம். முனைக்கும் கொக்கிக்கும் நடுவே உள்ள தூரத்தில்தான் விஷயமே இருக்கிறது. தூரம் கூடிப்போனால் முனை மூடியின் நட்டநடுவில் அமுக்கி, மூடி இரண்டாக மடங்கிவிடும். குறைந்துபோனால் விளிம்பு லேசாகத் தூக்கிவிட்டு நழுவும், பாட்டிலைச் சுற்றிச் சுற்றி நெம்ப வேண்டியதுதான். இன்னொன்றையும் கவனியுங்கள். நல்ல கத்தியில் கைப்பிடியைத் தூக்கும்போது விசை ஓப்பனரை மடக்கும் திசையில் போகாது, இன்னும் விரியச் சொல்லித்தான் தள்ளும். கத்தியில் பூட்டே இல்லாவிட்டாலும் விரல் நசுங்காமல் இருப்பது அதனால்தான்.

சரி, அமெரிக்க சாரணர் கத்தி. அமெரிக்காவில் சாரணர் இயக்கம் 1910-இல் தொடங்கியது, அடுத்த ஆண்டே அதற்கென்று கத்தியும் வந்துவிட்டது. ஒரு பெரிய பிளேடு, டின் திறப்பான், தோலில் துளை போடும் ஊசி, அப்புறம் திருப்புளி முனையோடு சேர்ந்த பாட்டில் ஓப்பனர். தொங்கவிட ஒரு வளையம். ரெமிங்டன், அல்ஸ்டர், கெமில்லஸ் என்று பல கம்பெனிகள் இந்த அமைப்பில் செய்திருக்கின்றன. நம் ஊரில் இதற்குத் தனி மவுசு இருப்பதில் நியாயம் உண்டு. அமெரிக்க மதுரை மிஷன்காரர்கள் 1845-லேயே வீடு கட்டிக் குடியேறிய மலை இது. அவர்கள் பிள்ளைகளுக்காக 1901-இல் ஆரம்பித்த பள்ளிக்கூடம்தான் இன்றைய கொடைக்கானல் சர்வதேசப் பள்ளி. வெள்ளைக்காரப் பட்டாளம் இருந்த நீலகிரி வெலிங்டன் பக்கம் தேடினால் இங்கிலாந்து ஷெஃபீல்டு கத்தி கிடைக்கலாம். அமெரிக்கக் கத்தியைத் தேட கொடைக்கானல் இருக்கும் இந்தப் பழனி மலைத்தொடர்தான் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

என்னிடம் இருப்பதன் எலும்புப் பிடி தேன் நிறத்துக்கு வந்துவிட்டது. கொத்திவிட்ட பள்ளங்களில் மட்டும் கறுப்பு தங்கியிருக்கிறது. விரல் அடிக்கடி படும் இடம் வழவழப்பாகி, வளையத்துக்குப் பக்கத்தில் இன்னும் சொரசொரப்பாகவே இருக்கிறது. பிளேடு முழுதாக விரியும்போது 'டக்' என்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்தை வைத்தே ஸ்பிரிங்கின் உயிரைச் சொல்லிவிடலாம். ஓப்பனர் நீளமானது, முனை மூடியின் நடுப்பக்கம் போய் உட்காரும், அதனால் கழற்றிய மூடி பெரும்பாலும் மடங்கித்தான் வரும். மூடி சேர்க்கிற பிள்ளைகளுக்கு இது பிடிக்காது. ஆனால் ஒரே நெம்பில் வந்துவிடும், அந்த நெம்புவிசை எனக்குப் பிடிக்கும்.

பழைய சாரணர் கத்திகளில் பெரும்பாலானவை கார்பன் எஃகு. மூடுபனி இறங்கும் மாதங்களில் ராத்திரி மேசைமேல் வைத்தால் காலையில் துருப்புள்ளி தெரியும். உடனே தேங்காய் எண்ணெயைத் தேடாதீர்கள். அது 24 டிகிரிக்குக் கீழே போனாலே உறைய ஆரம்பித்துவிடும். இங்கே வருஷத்தில் பெரும்பாலான நாள் அதற்குக் கீழேதான், மூட்டுக்குள் வெள்ளையாகக் கட்டிக்கொண்டு கத்தியைத் திறக்கவிடாது. தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு போதும். பழைய ஸ்டிக்கர் பசை ஒட்டியிருந்தால் நம்ம ஊர் யூகலிப்டஸ் தைலம் தொட்டுத் துடைக்கலாம். பிளாஸ்டிக் பிடியில் மட்டும் அது வேண்டாம்.

பட்டாளத்துக் கத்திக்கு இந்தக் கவலை கிடையாது. இரண்டாம் உலகப் போரின் கடைசிக் கட்டத்தில் உருவான அமைப்பு, சாரணர் கத்தியின் அதே நான்கு கருவிகள், எல்லாமே துருப்பிடிக்காத எஃகு. பிடியில் 'யு.எஸ்.' என்று அடித்திருக்கும், பிளேடின் அடியில் தயாரித்த ஆண்டும் இருக்கும். சேகரிப்பவர்களுக்கு அந்த ஆண்டு பெரிய வசதி. வாங்கும்போது கதை கேட்க வேண்டியதில்லை, பிளேடே சொல்லிவிடும். இதை நெடுங்காலம் செய்துவந்த கெமில்லஸ் 2007-இல் மூடப்பட்டது. உழைப்பில் குறை சொல்ல முடியாத கத்தி. ஆனாலும் எனக்கு ஒட்டவில்லை. மார்கழிக் காலையில் அந்த எஃகுப் பிடியைத் தொட்டால் ஐஸ்கட்டியைப் பிடித்ததுபோல விரல் விறைக்கிறது, ஈரக்கையில் வழுக்கவும் செய்கிறது.

அடுத்து சுவிஸ். கார்ல் எல்செனர் 1884-இல் இபாக் கிராமத்தில் பட்டறை போட்டார், 1891-இல் சுவிஸ் பட்டாளத்துக்குக் கத்தி கொடுத்தார், 1897-இல் அதிகாரிகளுக்கான கத்தியைப் பதிவு செய்தார். இன்று எல்லோரும் அறிந்த சிவப்புக் கத்தியின் மூதாதை அந்த 1897 கத்திதான். பாட்டில் ஓப்பனர் அதில் இல்லை, 1940-களில்தான் சேர்ந்தது. தாமதமாக வந்தாலும் அளவு கச்சிதம். முனை குட்டை, கொக்கி ஆழம், மூடியின் தலையில் ஒரு சின்னக் குழி மட்டும் விழும், மூடி வட்டமாகவே கையில் வரும்.

சுவிஸ் கட்சிக்குள்ளேயே சண்டை உண்டு: சிவப்புப் பிளாஸ்டிக் பிடி போட்ட 91 மில்லிமீட்டர் ஸ்பார்ட்டனா, வரிவரியான அலுமினியப் பிடி போட்ட 93 மில்லிமீட்டர் பயோனியரா? ஸ்பார்ட்டனில் கார்க் திருகி, பல்குச்சி, முள்வாங்கி எல்லாம் உண்டு. அந்தக் கார்க் திருகியில் கண்ணாடிக்கான குட்டித் திருப்புளியைச் செருகிவைக்கலாம், மூக்குக்கண்ணாடி போடுகிறவர்களுக்கு அது வரம். பயோனியரில் நான்கே கருவிகள், 1961-இல் சுவிஸ் சிப்பாய்க்குக் கொடுத்த அதே வரிசை. சிப்பாய்க்கு அந்தக் கத்தி 2008 வரை போனது. கருவிகள் ஸ்பார்ட்டனைவிடச் சற்றுத் தடிமன். அலுமினிய வரிகள் ஈரத்திலும் கைக்குப் பிடிமானம் தரும். என் ஓட்டு பயோனியருக்கு.

சில்லுப் பெயர்ந்த பாட்டிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். நீலகிரியில் காட்டில் வீசிய பாட்டில்கள் உடைந்து யானைகளின் காலைக் கிழித்ததால், 2022-இல் டாஸ்மாக் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பணத்தைத் திருப்பித் தரும் ஏற்பாடு வந்தது. கொடைக்கானலுக்கும் அது பிறகு வந்துவிட்டது. மட்டமான ஓப்பனரால் வாய் சில்லுப் பெயர்ந்த பாட்டில் மறுபடி நிரப்ப உதவாது, குடிக்கிறவர் உதட்டுக்கும் ஆபத்து. கொக்கியின் உள்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள். கூர்முனை தட்டினால் அந்தக் கத்தியை வைத்துவிடுங்கள்.

ஆக, தினம் பையில் போட்டுக்கொள்ள ஒன்றே ஒன்று வாங்குகிறீர்கள் என்றால் பயோனியரை வாங்குங்கள். சேர்க்க ஆரம்பிக்கிறீர்கள் என்றால் சாரணர் கத்தியில் ஆரம்பியுங்கள். பிளேடு தேய்ந்து மெலிந்திருந்தாலும் பரவாயில்லை, ஓப்பனர் முனை முறுக்காமல், அரம் போடாமல் இருக்க வேண்டும். பெயின்ட் டப்பா திறக்க அதைப் பயன்படுத்தியவர்கள் ஏராளம், அப்படிப்பட்ட கத்தியில் முனை ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். பளபளவென்று பாலிஷ் போட்டதை விலை பேசவே வேண்டாம், பாலிஷ் சக்கரம் கொக்கியின் ஓரத்தையும் சேர்த்துத் தின்றிருக்கும். ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குப் போகும்போது சட்டைப்பையில் ஒரு பழைய சோடா மூடியைப் போட்டுக்கொள்ளுங்கள். கடைக்காரரிடம் கேட்டு ஓப்பனரை அதன் விளிம்பில் மாட்டிப் பாருங்கள். கொக்கி ஆடாமல் உட்கார்ந்தால் பேரத்தை ஆரம்பிக்கலாம்.