"இலவசத் தொழில் வழிகாட்டல்" விளம்பரமா? பணம் கட்டுமுன் இதை வாசியுங்கள்

இலங்கையில் சாதாரண தரப் பரீட்சையோ, பல்கலைக்கழகம் போக எழுதும் உயர்தரப் பரீட்சையோ எழுதிய பிள்ளைகள் உள்ள வீட்டாருக்காக இதை எழுதுகிறேன். குறிப்பாக ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா பக்கம் இருப்பவர்கள் கவனியுங்கள். பரீட்சை முடிவு வெளியான அன்றிலிருந்து பேஸ்புக்கிலும் டிக்டொக்கிலும் ஒரே மாதிரி விளம்பரம் ஓடும்: "அடுத்து என்ன படிப்பதென்று குழப்பமா? இலவச ஆலோசனை பெறுங்கள்." அப்படி ஒன்றை நம்பி என் அக்கா மகளுக்குப் போனது 18,500 ரூபா. அக்கா கொழுந்து பறிக்கிறவர். அப்போது முழுப் பேர் விழுந்தால், அதாவது முழு நாள் வேலையாகக் கணக்கில் பதிந்தால், ஒரு நாளைக்கு 1,350 ரூபா. எத்தனை நாள் உழைப்பு என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். பணத்தை விடப் பெரிய நட்டம் ஒன்றும் நடந்தது, அதைப் பிறகு சொல்கிறேன்.

பேஜின் பெயரை நான் போடவில்லை. போட்டும் பிரயோசனமில்லை, இதற்குள் பெயரை மாற்றிவிட்டார்கள். நடந்த விதத்தைச் சொன்னால் அடுத்த பேஜ் வரும்போது அடையாளம் தெரியும்.

2024 உயர்தர முடிவு 2025 ஏப்ரல் கடைசியில் வந்தது. பிள்ளை வர்த்தகப் பிரிவு, மூன்று பாடமும் சித்தி. விளம்பரத்தைத் தட்டியதும் ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்த்தார்கள். அட்மின் மட்டும் எழுதக்கூடிய குழு. உள்ளே இருக்கும் பிள்ளைகள் தங்களுக்குள் ஒரு வார்த்தை பேச வழியில்லை. அப்புறம் சூமில் 'நேரடிக் கருத்தரங்கு'. கோட் போட்ட ஒருவர், தோட்டத்துப் பிள்ளைகள் முன்னுக்கு வர வேண்டும் என்று உருக்கமாகப் பேசினார். கேள்வி எழுதிய எவருக்கும் பதில் வரவில்லை. வராதுதானே! ஓடியது பழைய ரெக்கோர்டிங். மஸ்கெலியாவிலிருந்து இன்னொரு தாய், அதே பேச்சை, நடுவில் வந்த அதே இருமலோடு, வேறொரு நாள் 'நேரடியாக'ப் பார்த்ததாகச் சொன்ன பிறகுதான் எங்களுக்குத் தெரியும்.

கருத்தரங்கு முடிந்ததும் கோல் வந்தது. "சேர் உங்களோட தனியா பேச விரும்புறார்." அதற்கு முன் 'உளவியல் திறன் பரீட்சை' ஒன்று செய்ய வேண்டுமாம், கட்டணம் 3,500 ரூபா. கூகுள் போர்மில் 60 கேள்விகள். சமையலறை அலுமாரி செய்யப் பிடிக்குமா? செங்கல் அல்லது டைல் பதிக்கப் பிடிக்குமா? மீன்குஞ்சு பொரிப்பகத்தில் மீன் வளர்க்கப் பிடிக்குமா? வர்த்தகப் பிரிவுப் பிள்ளையிடம் இதையெல்லாம் ஏன் கேட்கிறார்கள் என்று எனக்குச் சந்தேகம். ஆங்கிலத்தில் போட்டுத் தேடிப் பார்த்தேன். அமெரிக்கத் தொழில் திணைக்களத்தின் ஓ-நெட் தளத்தில் யாரும் இலவசமாகச் செய்யக்கூடிய ஆர்வக் கணிப்பு அது. கேள்வி கேள்வியாகத் தமிழாக்கி விலை போட்டிருக்கிறார்கள்.

அந்தக் கணிப்பைக் குறை சொல்லவில்லை. ஜோன் ஹொலண்ட் என்ற உளவியலாளர் வகுத்த ஆறு ஆர்வ வகைகளை வைத்துச் செய்தது. கையால் செய்யும் வேலையா, ஆராய்ச்சியா, ஆட்களோடு பழகும் வேலையா, எது மனதுக்குப் பிடிக்கும் என்று யோசிக்க உதவும். அவ்வளவுதான். எந்த நிறுவனத்தில் எந்தக் கோர்ஸ் செய்யலாம் என்று அது சொல்லாது. இவர்கள் அனுப்பிய 'அறிக்கை'யின் கடைசிப் பக்கத்திலோ ஒரு தனியார் நிறுவனத்தின் மனிதவள டிப்ளோமா 94 வீதம் பொருத்தம் என்று இருந்தது. நான் விசாரித்த மற்றப் பிள்ளைகளுக்கும் அதே டிப்ளோமாதான். அதில் ஒருத்தி உயிரியல் பிரிவு.

சரி, பெரிய நட்டத்துக்கு வருகிறேன். தனியாகப் பேசிய அந்த 'சேர்' ஒரு வெட்டுப்புள்ளி அட்டவணையை, அதாவது கேம்பஸில் (பல்கலைக்கழகத்தில்) ஒவ்வொரு துறைக்கும் எடுபட உயர்தரத்தில் ஆகக் குறைந்தது எவ்வளவு இசட் புள்ளி வேண்டும் என்ற அட்டவணையை, திரையில் காட்டி, "உங்க இசட் புள்ளிக்கு முகாமைத்துவம் கனவிலும் கிடைக்காது, விண்ணப்பிச்சு நேரத்த வீணாக்காதீங்க" என்றிருக்கிறார். அவர் காட்டியது கொழும்பு மாவட்டத்து வரிசை. நாங்கள் இருப்பது நுவரெலியா மாவட்டம்.

இதைத் தெரியாத பெற்றோர் நிறையப் பேர் இருப்பதால் கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன். முகாமைத்துவம், மருத்துவம், பொறியியல் போன்ற துறைகளுக்கு 40 வீத இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையில் போகும். 55 வீதம் மாவட்டங்களுக்குப் பிரிக்கப்படும். மிச்சம் 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாகக் கிடைக்கும், அந்தப் பதினாறில் நுவரெலியாவும் பதுளையும் இருக்கின்றன. அதனால் ஒரே கோர்ஸுக்கு மாவட்டத்துக்கு மாவட்டம் வெட்டுப்புள்ளி வேறு. எங்கள் மாவட்டத்தின் முந்தைய வருடப் புள்ளியோடு பார்த்தால் பிள்ளையின் புள்ளி கிட்டத்தட்ட வந்திருந்தது. கிடைத்தும் இருக்கலாம், கிடைக்காமலும் போயிருக்கலாம். விண்ணப்பித்தால்தானே தெரியும்? அவர் பேச்சைக் கேட்டுப் பிள்ளை விண்ணப்பிக்கவே இல்லை. வீட்டில் மற்றவர்களுக்கு விஷயம் தெரிந்தபோது திகதி முடிந்துவிட்டது. ஒரு வருட முடிவை அந்த வருட அனுமதிக்கு மட்டும்தான் எடுப்பார்கள். ஆக, மறுபடி பரீட்சை எழுத வேண்டும்.

அந்தாள் அறியாமல் சொன்னார் என்று நான் நம்பவில்லை. கேம்பஸுக்கு விண்ணப்பிக்கும் பிள்ளை டிப்ளோமாவுக்குக் காசு கட்டாது, முடிவு வரும்வரை காத்திருக்கும். டிப்ளோமாவுக்கு ஆள் சேர்த்துக் கொடுக்கும் கமிஷன்காரனுக்கு அதனால் லாபமில்லை.

'இடம் ஒதுக்க' 15,000 ரூபா உடனே போடச் சொன்னார்கள். கணக்கு நிறுவனத்தின் பெயரில் இல்லை, யாரோ ஒரு தனி ஆளின் பெயரில். அரச அங்கீகாரம் உண்டா என்று கேட்டதற்கு முத்திரை குத்திய பத்திரம் ஒன்றைப் படமெடுத்து அனுப்பினார்கள். பார்த்தால் வியாபாரப் பெயர் பதிவு. டவுனில் பலசரக்குக் கடை போட்டாலும் அது கிடைக்கும். தொழிற்கல்வி நிறுவனங்களைப் பதிவு செய்வது மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழு. அவர்களுடைய இணையத்தளத்தில் நிறுவனத்தின் பெயரைப் போட்டுத் தேடலாம். இந்தப் பெயர் அங்கே இல்லை. இன்னொன்றும் கவனியுங்கள்: நிறுவனம் பதிவாகியிருப்பது வேறு, குறிப்பிட்ட பாடநெறிக்குத் தரச்சான்று இருப்பது வேறு. என்விகியூ (தேசிய தொழிற் தகைமை) சான்றிதழ் தருவோம் என்றால் அந்தக் கோர்ஸுக்கே தரச்சான்று இருக்கிறதா, எத்தனையாம் மட்டம் என்று கேளுங்கள். டிப்ளோமா என்றால் 5 அல்லது 6ஆம் மட்டம்.

வகுப்பு என்று வந்தது சில ஆங்கிலப் பிடிஎப்கள். அப்புறம் போன் எடுக்கவில்லை, வாட்ஸ்அப்பில் பிளொக்.

பேஸ்புக்கில் பேஜின் 'அபவுட்' பகுதிக்குள் போய் டிரான்ஸ்பேரன்சியைத் தட்டினால், எப்போது தொடங்கியது, முன்பு என்ன பெயர் இருந்தது என்று தெரியும். இந்த 'கல்வி வழிகாட்டல் மையம்' முன்பு போன் கவர் விற்ற பேஜ்! அரை நிமிட வேலை, தயவுசெய்து பாருங்கள்.

சமூக ஊடகமே வேண்டாம் என்று சொல்லவரவில்லை. கேம்பஸில் படிக்கும் மலையகப் பிள்ளைகள் சிலர் வாட்ஸ்அப் குழு வைத்து விண்ணப்பம் நிரப்பச் சும்மாவே சொல்லிக்கொடுக்கிறார்கள். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூல் தமிழிலும் இருக்கிறது, அவர்களுடைய தளத்தில் இறக்கிக்கொள்ளலாம். தடிப்பான புத்தகம்தான், ஆனால் உங்கள் பிள்ளையின் பாடங்களுக்கு எந்தெந்தக் கோர்ஸ் என்று அதில் இருக்கிறது. பிரதேச செயலகங்களில் மனிதவலு மற்றும் வேலைவாய்ப்புத் திணைக்களத்து உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள், தொழில் வழிகாட்டல் அவர்களுடைய வேலையே. காசு கிடையாது. ஆசிரியராக விரும்பும் பிள்ளைகள் கல்வியியற் கல்லூரி வர்த்தமானி அறிவித்தலைப் பார்த்துக்கொண்டே இருங்கள், பத்தனையில் ஸ்ரீபாத கல்லூரி நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

பொலிஸில் முறைப்பாடு போட்டிருக்கிறோம். பணம் இன்னும் வரவில்லை. பிள்ளை மறுபடி படிக்கிறாள். இதே மாதிரிக் கருத்தரங்கு பார்த்துப் பணம் போட்டவர்கள் இருந்தால், பேங்க் ரசீதையும் வாட்ஸ்அப் உரையாடலையும் அழிக்காமல் ஸ்கிரீன்ஷொட் எடுத்து வைத்துக்கொண்டு எனக்கு இன்பொக்ஸில் எழுதுங்கள். கணக்கு இலக்கம் ஒன்றாக இருந்தால் எல்லோருமாகச் சேர்ந்து போய்ச் சொல்லலாம்.