செம்மண் என்று காசு வாங்கிக்கொண்டு இடிபாட்டைக் கொட்டிவிட்டுப் போகிறார்கள்

யாழ்ப்பாணத்தில் வளவு நிரவ மண் எடுக்க இருப்பவர்கள் கொஞ்சம் கவனமாக இருங்கள். மாரிக்கு முன்னம் பள்ளத்தை நிரப்பிவிட வேண்டும் என்று சனம் அவசரப்படும் காலம் பார்த்துத்தான் இவர்கள் வருகிறார்கள்.

எங்கள் வீடு கொழும்புத்துறைப் பக்கம். ஐப்பசி மழை தொடங்கினால் கிணற்றடியிலிருந்து பின் மதில் வரை தண்ணீர் நிற்கும். அந்தத் துண்டை அரையடி உயர்த்தி நாலு வாழை, ஒரு மா, கொஞ்சம் மிளகாய் வைக்கலாம் என்பது யோசனை. நான் கிளிநொச்சிப் பக்கம் உருத்திரபுரத்தில் வளர்ந்தவன். மண்ணைக் காசு கொடுத்து வாங்குவது எனக்கு இன்னும் பழகாத விஷயம். அங்கே உழவு இயந்திரத்தில் மண் கொண்டுவருபவர் யாருடைய மகன், எந்த வீட்டில் பெண் எடுத்தவர் என்பதெல்லாம் தெரியும். பிழையாக நடந்தால் அவருடைய தாயிடம் போய்ச் சொல்லலாம். இங்கே கையில் இருப்பது ஒரு போன் நம்பர் மட்டும்தான்.

பேஸ்புக் விளம்பரத்தில் ‘கோண்டாவில் தோட்டத்துச் செம்மண், மேல்மண் மட்டும்’ என்று போட்டிருந்தார்கள். ஆள் நேரில் வந்து இடத்தைப் பார்த்தார், நல்ல மரியாதையான பேச்சு. “அண்ணை, ஒரு கல்லு கிடந்தாலும் காசு தர வேண்டாம்” என்றார். மண் ஏற்றி இறக்கப் புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டுமே என்று கேட்டேன். “அதெல்லாம் எங்கட பக்கம் சரி அண்ணை” என்று சிரித்தார். மூன்று கியூப்புக்கு விலை பேசி, பாதிக் காசை முற்பணமாக வாங்கிக்கொண்டு போனார்.

காலையில் வருவதாகச் சொன்ன ரிப்பர் லொறி மைமல் பொழுதில் வந்தது. நான் வேலையால் வந்து சேரவில்லை. கேற்றுக்குள் விடச் சொல்லி மனைவி சொல்லியும் கேட்காமல், ஒழுங்கையை அடைத்தபடி கொட்டிவிட்டு மிச்சக் காசைக் கேட்டிருக்கிறார்கள். பின்னால் இரண்டு மோட்டார் சைக்கிள் ஹோர்ன் அடிக்கிறது, இருட்டுகிறது, பக்கத்து வீட்டு மாமி வெளியே வந்து பார்க்கிறார். யாராக இருந்தாலும் கொடுத்து அனுப்பத்தான் பார்ப்பார்கள். ஒழுங்கையில் கொட்டியதே அதற்குத்தான் என்பது என் எண்ணம்.

விடிய மண்வெட்டியைப் போட்டேன், ‘ணங்’ என்றது. மேலே செம்மண் உண்மையான செம்மண்தான், ஒரு சாண் கனம். அதற்குக் கீழே நீலப் பெயின்ற் ஒட்டியபடி சுவர்ப்பூச்சு, தரை ஓட்டுத் துண்டுகள், துருப்பிடித்த கட்டுக்கம்பி, போத்தல் கழுத்து, நெளி தெரிய உடைந்த அஸ்பெஸ்ரஸ் சீற். யாரோ இடித்த வீட்டின் குப்பையை அள்ளி வந்து, அதை நான் காசு கொடுத்து வாங்கும்படி செய்திருக்கிறார்கள். அஸ்பெஸ்ரஸ் தூள் நெஞ்சுக்குள் போகக் கூடாதது. தண்ணீர் தெளித்து நனைத்துத்தான் பொறுக்கினோம். பிள்ளைகளை அந்தப் பக்கமே விடவில்லை.

அளவிலும் வெட்டு. ஒரு கியூப் என்றால் 100 கன அடி. இருபதடிக்கு முப்பதடி இடத்தில் அரையடி பரவினால் 300 கன அடி, சரியாக மூன்று கியூப். எங்கள் துண்டும் அந்த அளவுதான். கல்லு மண் எல்லாம் சேர்த்துப் பரவியும் மதிலோரம் கால்வாசி இடம் வெறுமையாகக் கிடந்தது.

பொறுக்கி முடித்த மூலையில் வைத்த மிளகாய்க் கன்றுகளின் குருத்திலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றது. சீமெந்தும் சுண்ணாம்பும் கலந்த மண்ணில் செடி இரும்புச்சத்தை எடுக்கமாட்டாது, அந்த மஞ்சள் அதனால்தான். அதே ஆள் தந்த கறுத்தக்கொழும்பான் மா ‘ஒட்டு’க் கன்றின் பொலித்தீன் நாடாவை அவிழ்த்தால், உள்ளே தண்டு வழுவழு என்று இருக்கிறது. வெட்டின அடையாளமே இல்லை, வெறும் விதைக் கன்று!

போன் எடுத்தால் முதலில் “பொறுங்கோ அண்ணை, வேற லோட் அனுப்புறன்.” அப்புறம் எடுக்கவே இல்லை. மனைவியின் போனில் அடித்தேன், குரல் கேட்டதும் வெட்டிவிட்டார். அதே படம் இப்போது வேறு பெயரில் விளம்பரமாக ஓடுகிறது.

பில் இருந்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977க்கு அழைத்துக் கேட்கலாம். பொருள் வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் முறைப்பாட்டை எழுத்தில் கொடுக்க வேண்டும். பில் தரமாட்டேன் என்பவரிடம் முற்பணம் கொடுக்கவே வேண்டாம். மாங்கன்று வேண்டுமானால் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் விவசாயத் திணைக்களத்துக்குப் போய் விசாரியுங்கள். நான் அடுத்த கன்றுக்கு அங்கேதான் போகிறேன்.

ஏற்கெனவே காசு கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர்கள், மண் வருகிற நேரம் வீட்டில் நில்லுங்கள். வெளிச்சம் இருக்கும்போதே வரச் சொல்லுங்கள். கொட்ட முன்னம் ரிப்பர் பெட்டியின் நீள அகல உயரத்தை நாடா பிடித்து அளந்துகொள்ளுங்கள். மேலே ஏறி ஒரு கம்பியை அடி வரை இறக்கிப் பாருங்கள். இறங்காவிட்டால் வந்த வழியே திருப்பி அனுப்புங்கள், ஒழுங்கையில் யார் ஹோர்ன் அடித்தாலும் சரி.