பால் டின்னா, வீசைத் தராசா?

மியான்மரில், யாங்கோன் (ரங்கூன்) தமிழ் வீடுகளில் அரிசிப் பானைக்குள் ஒரு பழைய கண்டென்ஸ்டு மில்க் டின் கிடக்கும். அப்படி 8 டின் ஒரு பிய், 16 பிய் ஒரு கூடை. கடைத்தெருவில் வெங்காயம், கறி, மீன் எல்லாம் வீசைக் கணக்கு: 100 டிக்கல் ஒரு வீசை, சுமார் 1.63 கிலோ. சமையலுக்கு எது தேவலை?

சோற்றுக்கு டின்தான், சந்தேகமே வேண்டாம். அரிசியும் தண்ணீரும் ஒரே டின்னில் அளப்பதால் கிராம் தெரியத் தேவையில்லை. இட்லிக்கு நாலுக்கு ஒன்று உளுந்து போடுவதும் அப்படியே.

டின் கணக்கை எடைக்கு மாற்றும்போதுதான் வம்பு. கூடை ஒன்றுதான், ஆனால் நெல் என்றால் 46 பவுண்டு, அரிசி என்றால் 75 பவுண்டு. அந்தக் கணக்கில் ஒரு டின் அரிசி 265 கிராம் சொச்சம். இதை அப்படியே மைதாவுக்கும் போட்டால் போச்சு! சலித்த மாவு அதே டின்னில் 150 கிராமுக்குப் பக்கம்தான் நிற்கும். தட்டி அமுக்கினால் எகிறிவிடும். கேக், ஊறுகாய்க்கு உப்பு, இதற்கெல்லாம் தராசை எடுங்கள்.

எண்ணெய் இன்னும் வேடிக்கை. இங்கே அதையும் வீசையில் நிறுத்துத்தான் விற்கிறார்கள். தண்ணீரைவிட லேசானது, லிட்டருக்கு 920 கிராம் போல. ஆக, ஒரு வீசை எண்ணெய் ஏறக்குறைய 1.77 லிட்டர் வரும். ஒன்றரை லிட்டர் பாட்டில் பத்தாது. 2 லிட்டர் பாட்டிலாகக் கொண்டுபோங்கள்.