நாயின் அடையாள வில்லையில் எதைப் பொறிப்பது: வாங்குவோருக்கு ஓர் எச்சரிக்கை

வளர்ப்பு நாயின் கழுத்துப் பட்டைக்கு அடையாள வில்லை வாங்க எண்ணுபவர்கள், அதுவும் கியூஆர் குறியீடு உள்ள வில்லையை வாங்கும்படி கடைக்காரர் வற்புறுத்தினால், பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

மதுரையில் ஒரு வளர்ப்புப் பிராணிகள் கடையில் எங்கள் சிப்பிப்பாறை நாய்க்கு அத்தகைய வில்லை ஒன்றை வாங்கினோம். எஃகுத் தகட்டில் இரண்டு தொலைபேசி எண்களை மட்டும் வெட்டித் தரும்படிதான் நாங்கள் கேட்டோம். அதெல்லாம் பழைய முறை என்று சொல்லி, ஒரு பக்கம் நாயின் பெயரும் ஒரே ஓர் எண்ணும், மறுபக்கம் கியூஆர் குறியீடும் உள்ள வில்லையைக் கையில் கொடுத்தார்கள். நாய் எங்கே போனாலும் அதன் இருப்பிடம் நம் கைப்பேசியில் தெரியும், எழுத்துகள் பொறிக்கப்பட்டவை, ஆயுள் முழுவதும் வேறு செலவே கிடையாது என்று மூன்று உறுதிமொழிகள் அளித்தார்கள். மூன்றும் பொய்.

கியூஆர் குறியீடு என்பது ஓர் இணைய முகவரியைக் கட்டங்களாக மாற்றி அச்சிட்ட படம், அவ்வளவுதான். அதற்குள் மின்கலமும் இல்லை, செயற்கைக்கோளோடு தொடர்பும் இல்லை. யாராவது அதை ஸ்கேன் செய்து, தம் இருப்பிடத்தைப் பகிரவும் சம்மதித்தால்தான் நமக்குத் தகவல் வரும். கால்நடை மருத்துவர் தோலுக்கடியில் செலுத்தும் அரிசிமணி அளவு மைக்ரோசிப்பும் நாய் இருக்கும் இடத்தைக் காட்டாது. அதில் இருப்பது 15 இலக்க எண் மட்டுமே, அதையும் உரிய கருவியை அருகில் கொண்டுபோனால்தான் படிக்க முடியும்.

தீபாவளி இரவில் வெடிச்சத்தத்துக்கு மிரண்டு எங்கள் நாய் அண்ணா நகரிலிருந்து ஓடிவிட்டது. மாட்டுத்தாவணிப் பக்கம் டீக்கடை வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் அதைப் பிடித்துக் கட்டி, பன்னும் தண்ணீரும் வைத்திருக்கிறார். அவரிடம் இருந்தது பட்டன் போன். விளக்கடியில் வில்லையைப் பிடித்துப் பார்த்தால், பட்டையின் வளையத்தில் உரசி உரசி அலுமினியத்தின் மேல் இருந்த அச்சு பெயர்ந்து, எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள் அழிந்துபோயிருந்தன. டீ குடிக்க வந்த இளைஞர் ஒருவர் தம் கைப்பேசியில் ஸ்கேன் செய்தபோது, சந்தா முடிந்துவிட்டது என்ற அறிவிப்புதான் வந்தது. ஓராண்டுக்குப் பிறகு பணம் கட்ட வேண்டும் என்பதை விற்கும்போதும் சொல்லவில்லை, பக்கத்தை முடக்கும்போதும் சொல்லவில்லை. மறுநாள் படத்தைக் காட்டி விசாரித்துக்கொண்டே போன என் தம்பியிடம், “நம்பர் முழுசா இருந்திருந்தா ராத்திரியே போன் அடிச்சிருப்பேன் தம்பி” என்று அந்தப் பெரியவர் வருத்தப்பட்டார். அவருக்கு நாங்கள் பட்டிருக்கும் கடன் பெரிது.

அதே இரவில் இன்னொன்றும் நடந்தது. நாய் தன்னிடம் இருப்பதாகவும், 5,000 ரூபாயை யுபிஐ மூலம் அனுப்பினால் கொண்டுவந்து விடுவதாகவும் ஒருவன் அழைத்தான். காணவில்லை என்று நாங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தியில் நாயின் பெயர் கிடையாது. அவனோ பெயரைச் சரியாகச் சொன்னான். வீடியோ அழைப்பில் நாயைக் காட்டச் சொன்னதும் இணைப்பைத் துண்டித்துவிட்டான். பெயர் எப்படித் தெரிந்தது என்று தேடியபோது, அந்தக் கடை தன் விளம்பரத்துக்காக எங்கள் வில்லையின் படத்தையே, பெயரும் எண்ணும் தெளிவாகத் தெரியும்படி, எங்களைக் கேட்காமல் முகநூலில் போட்டிருந்தது. கடையில் போய்க் கேட்டால், புதுப்பித்தால்தான் பேசுவோம் என்கிறார்கள்.

ஆகவே வில்லையில் நாயின் பெயர் வேண்டாம். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஓடிவரும் நாயைத் திருடுபவனுக்கும், இப்படிப் பணம் கேட்பவனுக்கும்தான் அது உதவும். கண்டெடுப்பவருக்குத் தேவைப்படுவது எண். ஒரே வீட்டில் இருவரின் எண்களை, பட்டன் போன் வைத்திருப்பவரும் பார்த்து அழுத்தும் அளவுக்குப் பெரிதாகப் பொறிக்க வேண்டும். முழு முகவரி அவசியமில்லை, ‘மதுரை’ என்பது போதும். நாள்தோறும் மருந்து சாப்பிடும் நாயானால் அதை ஒரு சொல்லில் குறிப்பது நல்லது. வெறிநாய்க்கடித் தடுப்பூசியின் தேதி ஆண்டுதோறும் மாறுவதால், அதை மருத்துவ அட்டையில் வைத்துக்கொள்ளலாம். எண்ணை மாற்றினால் வில்லையையும் உடனே மாற்றிவிடுங்கள். நீங்கள் விட்ட எண் 90 நாட்களுக்குப் பிறகு வேறொருவருக்குப் போய்விடக்கூடும்.

இதற்கென்று தனிக் கடையைத் தேட வேண்டியதே இல்லை. கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில் சீர்ப் பாத்திரங்களுக்குப் பெயர் வெட்டித் தருபவர்களிடம் எஃகு வில்லை ஒன்றைக் கொடுத்தால், நாம் எழுதிக் கொடுக்கும் எண்களைப் புள்ளி புள்ளியாக ஆழமாக வெட்டித் தருகிறார்கள்; எங்களுக்கு அப்படித்தான் செய்து தந்தார்கள். சிப்பிப்பாறை, கன்னி போன்ற ஒடுங்கிய தலையுள்ள நாய்களுக்குப் பட்டை எளிதாகக் கழன்றுவிடும் என்பதால், வில்லையோடு மைக்ரோசிப்பும் போட்டு, அதன் பதிவில் நம் எண் சரியாக உள்ளதா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

பணம் கேட்டு அழைத்தவனைப் பற்றி 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணிலும், கடையைப் பற்றி 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணிலும் புகார் அளித்திருக்கிறோம். வாய்ச்சொல்லாகத் தந்த உறுதிமொழி எதுவும் ரசீதில் இல்லை என்று கடைக்காரர்கள் இப்போது வாதிடுகிறார்கள்; எனவே ‘ஆயுள் முழுவதும் இலவசம்’ என்பதை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். ஏற்கெனவே கியூஆர் வில்லை வைத்திருப்பவர்கள், இன்றே வேறொருவரின் கைப்பேசியில் அதை ஸ்கேன் செய்து, திறக்கும் பக்கத்தில் உங்கள் எண் தெரிகிறதா என்று பார்த்துவிடுங்கள்.